ஒரு குருவி, பதினாறு லென்ஸ்

உங்களுக்கு ஆறுமணிக் குருவியைத் தெரியுமா?

தெரியாவிட்டால் பாதகமில்லை. முப்பத்தைந்து வயது வரைக்கும் எனக்கும் தெரியாது. மைனாவைவிடச் சின்னது. வால் என்று ஒன்று இருக்கிறதா என்றே சந்தேகம் வரும். ஆனால் உடம்பு முழுக்க ஆண்டவன் கலர் பெட்டியைக் கவிழ்த்துவிட்டான். பச்சை முதுகு, கண்ணை ஒட்டி மை தீட்டினாற்போல் கறுப்புப் பட்டை, இறக்கையில் பளீர் நீலம், அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு. விடிகாலையிலும் சாயங்காலத்திலும் ஆறு மணி வாக்கில் சீழ்க்கை அடிக்கும். அதனால் இந்தப் பேர்.

இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் மழைக்காலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு முன்னால் தெற்கே கிளம்பும். ராத்திரி ராத்திரியாகப் பறந்து அக்டோபர் வாக்கில் நம் பக்கம் வந்து சேரும். எடை ஐம்பது, அறுபது கிராம். அந்த உடம்பை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம். வந்து இறங்கும்போது சில குருவிகளுக்கு நிற்கக்கூடத் தெம்பிருக்காது. யார் வீட்டு பால்கனியிலாவது, கார் ஷெட்டிலாவது சுருண்டு உட்கார்ந்திருக்கும்.

போன அக்டோபரில் சென்னையில் ஒரு பூங்காவுக்கு அப்படி ஒன்று வந்து இறங்கியது. செய்தி வாட்ஸப்பில் வந்தது. காலை ஆறரைக்கு நான் போனபோது அங்கே ஏற்கெனவே திருவிழா. எண்ணினேன். பதினாறு லென்ஸ். சிலது என் முழங்கை நீளம், சிலது என் கால் நீளம். இரண்டு பேர் தரையில் படுத்திருந்தார்கள். "சார், கொஞ்சம் தள்ளுங்க, ஃப்ரேம்ல வர்றீங்க" என்று என்னை ஒருவர் விரட்டினார். இன்னொருவர் டப்பாவிலிருந்து புழுக்களை எடுத்து, வெயில் நன்றாக விழும் ஒரு இடமாகப் பார்த்து வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாமவர் கையில் ப்ளூடூத் ஸ்பீக்கர். அதிலிருந்து ஆறுமணிக் குருவியின் சீழ்க்கை. மணி ஆறே முக்கால் ஆகியும் விடாமல் சீழ்க்கை.

குருவி புதரிலிருந்து வெளியே ஓடி வரும். பதினாறு கேமராவும் படபடவென்று பொரியும். மறுபடி உள்ளே ஓடும். ஸ்பீக்கரை மறுபடி போடுவார்கள். மறுபடி வரும்.

வாக்கிங் வந்த ஒரு பாட்டி நின்று பார்த்தார். "யாருப்பா, சினிமாக்காரங்களா?" என்றார். குருவியைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பாவம், அதைச் சாப்பிட விடுங்களேன்" என்று சொல்லிவிட்டு நடையைத் தொடர்ந்தார்.

அங்கே இருந்த பதினேழு பேரில் (என்னையும் சேர்த்து) ஒருவருக்கும் தோன்றாதது அந்தப் பாட்டிக்குத் தோன்றியது. நாங்கள் எல்லோரும் பறவை ஆர்வலர்கள். அவர் வெறும் பாட்டி.

இந்த வாரம் நான் சண்டை போடப்போவது எங்கள் கூட்டத்தோடு.

பி.காம். படித்தவனுக்குப் பறவையைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒன்று மட்டும் தெரியும். பற்று என்று ஒரு பக்கம் எழுதினால் வரவு என்று இன்னொரு பக்கம் எழுதியே ஆக வேண்டும். ஒரு படத்துக்கு ஆயிரம் லைக் வரவு என்றால், அதை யார் கணக்கில் பற்று எழுதுவது? இதுதான் என் கேள்வி.

நம் நாட்டில் பறவை பார்க்கும் பொழுதுபோக்கு துப்பாக்கியிலிருந்து பிறந்தது. சலீம் அலி சிறுவனாக இருந்தபோது பொம்மைத் துப்பாக்கி போன்ற ஒன்றால் ஒரு குருவியைச் சுட்டார். அதன் தொண்டையில் மஞ்சளாக ஒரு திட்டு. இது என்ன குருவி என்று விசாரிக்கப் போனவர்தான் பிற்பாடு இந்தியப் பறவையியலின் பிதாமகர் ஆனார். அந்தக் காலத்தில் ஒரு பறவையை அடையாளம் சொல்ல வேண்டுமென்றால் அதைச் சுட்டுக் கையில் வைத்துப் பார்க்க வேண்டும். பைனாகுலரும் நல்ல கையேடுகளும் வந்தபிறகு அந்தத் தேவை குறைந்தது. கேமரா வந்தபிறகு, அப்பாடா, இனி ரத்தமில்லை என்று எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள்.

நம் தமிழ்நாட்டுக்காரர் மா. கிருஷ்ணன் அந்தக் காலத்து ஆள். 1950லிருந்து 1996ல் சாகிறவரைக்கும் ஒரே ஆங்கிலப் பத்திரிகையில் இயற்கை பற்றிப் பத்தி எழுதியவர். தமிழிலும் அருமையாக எழுதியவர். கண்ட கண்ட பாகங்களைச் சேர்த்துத் தானே ஒரு கேமராவைப் பூட்டி வைத்துக்கொண்டு, கறுப்பு வெள்ளையில் காட்டைப் படமெடுத்தார். ஒரு ஃபிலிம் சுருளில் எத்தனை படம் எடுக்க முடியும்? எண்ணித்தான் எடுக்க வேண்டும். எண்ணி எடுக்கிறவன் முதலில் பார்ப்பான், அப்புறம்தான் பொத்தானை அழுத்துவான்.

இன்றைக்கு ஒரு நொடிக்கு இருபது படம் எடுக்கிற கேமரா வந்துவிட்டது. நல்ல லென்ஸ் ஒன்று லட்ச ரூபாயில் ஆரம்பித்துப் பத்து லட்சத்தைத் தாண்டிப் போகிறது. இவ்வளவு பணம் போட்டவனுக்கு வெறும் கையோடு வீடு திரும்ப மனசு வருமா? முதலுக்கு வட்டி வேண்டாமா? அந்த வட்டியைத்தான் பறவையிடம் வசூல் பண்ணுகிறோம்.

வசூல் முறைகள் மூன்று. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலாவது ஸ்பீக்கர். ஒரு பறவை கத்துவது நமக்குப் பாட்டு. அதற்கு அது பட்டா. 'இந்த இடம் என்னுடையது, உள்ளே வராதே' என்று அக்கம்பக்கத்துப் பறவைகளுக்குச் சொல்கிற எச்சரிக்கை. அதே குரலை நாம் ஸ்பீக்கரில் போட்டால், எவனோ நம் இடத்தைப் பிடிக்க வந்துவிட்டான் என்று நினைத்து அது தீனியை விட்டு, கூட்டை விட்டு, சண்டைக்கு ஓடி வருகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு உங்கள் வீட்டு வாசலில் ஒருவன் நின்று, "இது என் வீடுடா, வெளியே வா" என்று கத்துகிறான். கட்டையை எடுத்துக்கொண்டு ஓடி வருகிறீர்கள். யாரும் இல்லை. உள்ளே போய்ப் படுக்கிறீர்கள். மறுபடி கத்துகிறான். இப்படி ஒரு நாளைக்கு நாற்பது தடவை. எப்படி இருக்கும்? ஆராய்ச்சியாளர்களும் இந்த முறையைப் பயன்படுத்துவதுண்டு. ஆனால் அவர்களுக்கு அனுமதி, வரம்பு, போட்டதற்குக் கணக்கு எல்லாம் உண்டு. நமக்கு பேட்டரி தீர்வதுதான் வரம்பு.

இரண்டாவது தீனி. மீன்கொத்திக்குத் தொட்டியில் மீன், ஆந்தைக்கு எலி, ஆறுமணிக் குருவிக்கு டப்பாப் புழு. "சாப்பாடுதானே போடறோம்?" என்பார்கள். சாப்பாடு போடுவது வேறு, வெயில் விழும் இடமாகப் பார்த்துப் போடுவது வேறு. புதருக்குள் பதுங்கி வாழ்கிற பறவையைத் திறந்தவெளிக்கு இழுத்து வருவது நமக்கு நல்ல வெளிச்சம். மேலே வட்டமடிக்கும் வல்லூறுக்கும் அதே நல்ல வெளிச்சம்தான். பூங்காவில் ஒரு பூனை இருந்தால் கேட்கவே வேண்டாம்.

மூன்றாவது கூடு. இதை நான் இலேசாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. ஏனென்றால் இதில் குற்றவாளி நான்.

ஏழு வருடம் ஆகிறது. ஜூன் மாதம். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் ஓர் ஓடைக்கரை. அரசவால் ஈப்பிடிப்பான் என்று ஒரு பறவை. ஆணுக்கு உடம்பு வெள்ளை, தலை கறுப்பு, வால் இருக்கிறதே, உடம்பைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ரிப்பன் மாதிரி தொங்கும். அது பறப்பதைப் பார்த்தால் யாரோ வெள்ளைப் பட்டு நாடாவைக் காற்றில் வீசிய மாதிரி இருக்கும். இந்த இனத்தில் ஆணும் முறைவைத்து அடைகாக்கும். சின்னக் கிண்ணம் போன்ற கூட்டில் ஆண் உட்கார்ந்திருக்க, வால் வெளியே வழிந்து தொங்கும் படம் எங்கள் கூட்டத்தில் எல்லோருக்கும் கனவு.

கூடு கிடைத்துவிட்டது. என் தலை உயரத்தில், கவட்டைக் கிளையில். உள்ளே மூன்று குஞ்சுகள். ஒரே ஒரு பிரச்சினை. கூட்டுக்கு முன்னால் இலைக்கொத்தோடு இரண்டு கிளைகள் மறைத்தன. என்னோடு வந்த நண்பர் இதில் என்னைவிட அனுபவசாலி. "ரெண்டே ரெண்டு கிளைதான், ஒதுக்கினா போதும்" என்றார். நான்தான் ஒடித்தேன். பட்பட்டென்று ஒடிந்தது.

இரண்டரை மணி நேரம் நின்றோம். முந்நூற்று நாற்பது படம். அப்பா பறவை வாயில் பூச்சியோடு நாலு முறை கூடு வரைக்கும் வந்துவிட்டு, எங்களைப் பார்த்துத் திரும்பிப் போனது. அதையும் எடுத்தோம். 'ஆக்ஷன் ஷாட்' என்று சந்தோஷப்பட்டோம். குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டு இருந்தன. அதுவும் அருமையான படம். பசியில் பிளந்த வாய் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் காலை இன்னும் நாலு படம் எடுக்கலாம் என்று போனோம். கூடு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. காலி. பக்கத்து மரத்தில் ஒரு வால்காக்கை உட்கார்ந்து அலகைக் கிளையில் துடைத்துக்கொண்டிருந்தது.

வால்காக்கைதான் தின்றதா, பாம்பு வந்ததா, எனக்குத் தெரியாது. அதற்குச் சாட்சி இல்லை. ஆனால் அந்தக் கூட்டுக்குத் திரை போட்டிருந்த கிளைகளை எடுத்தது யார் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. என் கைதான். "இயற்கைல இதெல்லாம் சகஜம் பாஸ்" என்றார் நண்பர். கிளை தானாக ஒடிந்திருந்தால் இயற்கை. நான் ஒடித்தால்?

அந்தப் படத்துக்கு ஒரு போட்டியில் ஆறுதல் பரிசு கிடைத்தது. யாருக்கு ஆறுதல் என்று நான் கேட்கவில்லை. ஃப்ரேம் போட்டு ஹாலில் மாட்டினேன்.

நான் ஒடித்தது இரண்டு கிளை. சட்டம் அதற்கு என்ன பேர் வைத்திருக்கிறது தெரியுமா? வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972 என்று ஒன்று இருக்கிறது. புலியைச் சுட்டவர்களுக்கும் மான் கறி தின்றவர்களுக்கும் உண்டான சட்டம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அதன் இரண்டாவது பிரிவில் 'வேட்டை' என்றால் என்ன என்று விளக்கம் கொடுத்திருக்கிறார்கள். கொல்வது, பிடிப்பது, பொறி வைப்பது எல்லாம் இருக்கிறது. கூடவே விரட்டுவதும், இரை வைத்து இழுப்பதும் இருக்கிறது. பறவைகள் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது: முட்டைகளைச் சேதப்படுத்துவது, முட்டைகளையோ கூடுகளையோ தொந்தரவு செய்வது.

மறுபடி படியுங்கள். கூட்டைத் தொந்தரவு செய்வது வேட்டை. நம் சட்டம் ஐம்பது வருஷத்துக்கு முன்னாலேயே இதைச் சொல்லிவிட்டது. துப்பாக்கி வைத்திருந்தவன் மட்டும் வேடன் இல்லை. ஆறுதல் பரிசு வாங்கியவனும் வேடன்தான். ஒரே வித்தியாசம், கொக்கு சுட்டு விற்கிறவன் போலீஸைப் பார்த்தால் ஓடுவான். நாங்கள் படத்தின் மூலையில் பேர் போட்டுக்கொள்வோம்.

அரிய பறவை என்று வந்துவிட்டால் இந்த வெறி இரட்டிப்பாகிறது. வாழ்நாளில் முதல்முறையாகப் பார்க்கிற பறவையை எங்கள் கூட்டத்தில் 'லைஃபர்' என்பார்கள். உன் லைஃபர் எத்தனை, என் லைஃபர் எத்தனை என்று போட்டி. பறவை எவ்வளவு அரிதோ அவ்வளவு மதிப்பு. அதாவது எதற்குத் தொந்தரவைத் தாங்கும் சக்தி மிகக் குறைவோ, அதைத்தான் அதிகம் பேர் துரத்துகிறோம். பங்குச் சந்தையில் அரிய பங்குக்கு விலை ஏறினால் பங்குக்கு ஒன்றும் வலிக்காது. இங்கே வலிக்கும்.

அரிய பறவையை எப்படித் தேடுவது என்பதற்கு ஒரு கதை சொல்கிறேன். நமக்குப் பக்கத்தில், ஆந்திராவின் கடப்பா மாவட்டத்தில் நடந்தது. ஜெர்டான் கோர்சர் என்று ஒரு பறவை. உள்ளூர்க்காரர்கள் கலிவி கோடி என்பார்கள். முள்புதர்க் காட்டில் ராத்திரியில் மட்டும் நடமாடும். 1900க்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. அழிந்தே போய்விட்டது என்று நினைத்தார்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த பரத் பூஷண் கிராமம் கிராமமாகப் போய்ப் படத்தைக் காட்டி விசாரித்துக்கொண்டிருந்தார். 1986 ஜனவரியில் ஐத்தன்னா என்ற உள்ளூர் வேட்டைக்காரர் ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் ஒன்றை உயிரோடு பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். 86 வருஷத்துக்குப் பிறகு அந்தப் பறவை இருக்கிறது என்று உலகத்துக்குத் தெரிந்தது. ஆனால் பிடிபட்ட பறவை பிழைக்கவில்லை.

யாருடைய நோக்கத்திலும் குறையில்லை. ஆனாலும் பறவை செத்துப்போனது. அரிய பறவை விஷயத்தில் நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். பிற்பாடு அதே காட்டில் வேலை செய்த ஆய்வாளர்களில் நம் தமிழர் ப. ஜெகநாதன் ஒருவர். அவர்கள் பறவையைத் துரத்தவில்லை. புதர்களுக்கு நடுவில் மெல்லிய மண்ணைப் பட்டைப் பட்டையாகப் பரப்பி வைத்தார்கள். காலையில் போய் அதில் பதிந்திருக்கும் காலடித் தடத்தைப் படித்தார்கள். பக்கத்தில் தானாகப் படமெடுக்கிற கேமராவை வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். கேமரா இருந்தது, கூட்டம் இல்லை. அந்த மாதிரி வேலையால் பறவை எங்கே இருக்கிறது என்று தெரிந்தது. தெரிந்ததால், சென்னைக்குக் கிருஷ்ணா தண்ணீர் தருகிறதே தெலுங்கு கங்கைத் திட்டம், அதன் ஒரு கால்வாயின் பாதையையே அந்தப் பறவைக்காக மாற்றினார்கள். ஒரு காலடித் தடம் கால்வாயைத் திருப்பியது. என் முந்நூற்று நாற்பது படம் எதைத் திருப்பியது?

இங்கே எங்கள் ஆட்கள் மூன்று ஆட்சேபணை எழுப்புவார்கள். எனக்கு மனப்பாடம். ஏனென்றால் நானே சொல்லிக்கொண்டிருந்தவை.

"அரிய பறவையைப் பார்த்தேன் என்றால் ஆதாரம் வேண்டாமா?" வேண்டும். கலங்கலாக ஒரே ஒரு படம் போதும். தூரத்திலிருந்து எடுத்தது, கிளை மறைத்தது, பரவாயில்லை. அடையாளம் தெரிந்தால் சரி. பல பறவைகளுக்கு அதுகூட வேண்டாம். 2023ல் இந்தியப் பறவைகளின் நிலை என்று ஓர் அறிக்கை வந்தது. சுமார் 30,000 பேர், உங்களையும் என்னையும் போன்றவர்கள், பார்த்ததை எழுதி அனுப்பிய பட்டியல்கள்தான் அதற்கு அடிப்படை. 942 இனங்களை ஆராய்ந்து, அதில் 178 இனங்களுக்கு உடனடிக் கவனம் தேவை என்று சொன்னார்கள். எழுதியவர்களில் பெரும்பாலோரிடம் இருந்தது ஒரு பைனாகுலரும் ஒரு நோட்டும்தான். நம் பக்கம் 2015லிருந்து பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. கரும்பு தின்றுகொண்டே மொட்டைமாடியில் கால் மணி நேரம் நின்று எண்ணலாம். காக்கையும் கணக்கில் உண்டு. எவ்வளவு பேர் செய்கிறோம்?

"படத்தைப் பார்த்துத்தானே ஜனங்களுக்குப் பறவை மேல் அன்பு வருகிறது?" வருகிறது. எனக்கும் அப்படித்தான் வந்தது. மறுக்கவில்லை. ஆனால் என்ன படம் என்று ஒன்று இருக்கிறதே. கூட்டுப் படத்தைப் பார்த்து வருகிறவன், தானும் ஒரு கூட்டைத் தேடித்தான் போவான். நானும் ஒரு படத்தைப் பார்த்துவிட்டுத்தான் அந்த ஓடைக்கரைக்குப் போனேன்.

மூன்றாவதுதான் கனமான ஆட்சேபணை. "ஏரியைத் தூர்க்கிறவனை விட்டுவிட்டீர்கள், காட்டை அழிக்கிறவனை விட்டுவிட்டீர்கள், ஞாயிற்றுக்கிழமை கேமராவோடு போகிற எங்களைப் பிடிக்கிறீர்களே?" இதில் பாதி உண்மை. பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்கு ஒரு குப்பைமேடு செய்த கெடுதலை எல்லா லென்ஸும் சேர்ந்தாலும் செய்ய முடியாது. ஒப்புக்கொள்கிறேன்.

மீதிப் பாதிக்கு வருகிறேன். அசாமில் மாகுரி என்று ஒரு பெரிய நீர்நிலை. 2020 மே மாதம் அதன் பக்கத்தில் பாக்ஜான் எண்ணெய்க் கிணறு வெடித்தது. ஜூனில் தீப்பிடித்தது. மாதக்கணக்கில் எரிந்தது. எண்ணெய் அந்தத் தண்ணீரில் படிந்தது. அடுத்த வருஷம் பிப்ரவரியில் அதே மாகுரியில் மாண்டரின் வாத்து ஒன்று வந்து இறங்கியது. இந்தியாவில் அபூர்வத்திலும் அபூர்வம். அசாமில் நூறு வருஷத்துக்கு மேல் யாரும் பார்த்ததில்லை. பொம்மைக்கு வர்ணம் அடித்தாற்போல் இருக்கும். அந்த வாத்தின் படம் ஒரே வாரத்தில் எனக்கு ஆறு பேரிடமிருந்து வாட்ஸப்பில் வந்தது. நீர்நிலை எரிந்த படம்? அதே ஆறு பேரில் ஒருவரும் அனுப்பவில்லை. நானும் யாருக்கும் அனுப்பவில்லை.

ஏரியைத் தூர்க்கிறவனைக் கேட்க வேண்டியவர்கள் யார்? அங்கே யார் போகிறார்களோ அவர்கள்தானே. நம் கையில் பத்து லட்ச ரூபாய்க் கண் இருக்கிறது. அது வாத்தை மட்டும் பார்க்கிறது. வாத்து மிதக்கிற தண்ணீரைப் பார்க்க மறுக்கிறது. அப்புறம் ஏரியைத் தூர்க்கிறவனைக் காட்டி நாம் தப்பித்துக்கொள்வது எந்த ஊர் நியாயம்?

நியாயம் எந்த ஊரில் இருக்கிறது என்று சொல்கிறேன். சிவகங்கை மாவட்டத்தில் கொள்ளுக்குடிப்பட்டி. வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய ஊர். அங்கே பல வருஷங்களாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. பறவைகள் மிரளும் என்பதுதான் காரணம். உங்கள் வீட்டுக் குழந்தையிடம் இந்தத் தீபாவளிக்கு ஒரு சரவெடிகூடக் கிடையாது என்று சொல்லிப் பாருங்கள். அதை ஒரு ஊரே வருஷா வருஷம் சொல்கிறது.

வேடந்தாங்கலை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுடுகிறார்கள் என்று ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் போய் நின்றார்கள். 1798ல் கலெக்டர் லயனல் பிளேஸ் அவர்களுடைய உரிமையை ஏற்று எழுதிக் கொடுத்தார். அந்த விவசாயிகள் யாரும் பறவை ஆர்வலர்கள் இல்லை. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். பறவை இருந்தால் நெல் நன்றாக விளையும். அவர்களும் கணக்குத்தான் போட்டார்கள். ஆனால் அவர்கள் கணக்கில் பறவைக்கும் லாபம் இருந்தது. பற்றும் வரவும் சரியாக நின்றது. இருநூறு வருஷம் தாண்டியும் அந்த ஏட்டில் கறை இல்லை.

கேமரா இல்லாத ஜனங்கள் பட்டாசை விட்டார்கள். கேமரா இருக்கிற நம்மால் ஒரு படத்தை விட முடியவில்லை.

நான் கேமராவை விற்றுவிடச் சொல்லவில்லை. நானும் விற்கவில்லை. கூட்டில் இருக்கும் பறவையைப் படமெடுக்காதீர்கள், தற்செயலாகக் கூட்டைப் பார்த்துவிட்டால் அடுத்த நிமிஷம் நடையைக் கட்டுங்கள். ஸ்பீக்கரை வீட்டில் வைத்துப் பாட்டுக் கேளுங்கள். புழு டப்பாவைக் கடையிலேயே விட்டுவிடுங்கள். பறவை நிமிர்ந்து நின்று உங்களையே உற்றுப் பார்க்கிறதென்றால் நீங்கள் போதுமான அளவுக்கு நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். அதற்கு மேல் ஓரடி வைத்தால் அது வேட்டை. அரிய பறவை எங்கே இருக்கிறது என்று குரூப்பில் போடாதீர்கள். உலகம் முழுக்கப் பறவைப் பட்டியல் சேர்க்கும் ஈபேர்ட் தளமே ஆபத்திலிருக்கும் சில இனங்களின் சரியான இடத்தைப் பொதுப் பார்வையிலிருந்து மறைத்துத்தான் வைக்கிறது. அதற்குத் தெரிந்த நாசூக்கு நமக்குத் தெரிய வேண்டாமா? அந்த ஓடைக்கரை எங்கே என்று நான் கடைசிவரை சொல்லாததும் இதனால்தான்.

போட்டி நடத்துகிறவர்களுக்கும் பத்திரிகைகளுக்கும் (இந்தப் பத்திரிகை உட்பட) ஒரு வார்த்தை. கூட்டுப் படங்களை ஏற்க மாட்டோம் என்று சில போட்டிகளும் சில பறவை இதழ்களும் எப்போதோ முடிவெடுத்துவிட்டன. நீங்களும் எடுங்கள். பரிசு இல்லையென்றால் பாதிக் கிளைகள் ஒடியாது.

"எனக்குக் கேமராவும் இல்லை, பறவையும் தெரியாது, இதையெல்லாம் என்னிடம் ஏன் சொல்கிறாய்" என்கிறீர்களா? உங்களிடம்தான் சொல்ல வேண்டும். நாங்கள் படமெடுப்பது பறவைக்காகவா? உங்களுக்காக. உங்கள் கட்டைவிரலுக்காக. வாயைப் பிளந்த குஞ்சுகளின் படத்துக்கு நீங்கள் போடுகிற 'ஸோ க்யூட்' இருக்கிறதே, அதுதான் எங்களுக்குக் கூலி. கூலி கொடுப்பதை நிறுத்தினால் வேலை நிற்கும்.

அடுத்த முறை அப்படி ஒரு படம் உங்கள் போனுக்கு வந்தால் லைக் போடாதீர்கள். திட்டவும் வேண்டாம். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "இதை எப்படி எடுத்தீங்க?" அவ்வளவு போதும். நேர்மையாக எடுத்தவர் சந்தோஷமாக ஒரு மணி நேரம் கதை சொல்வார். மற்றவர் பேச்சை மாற்றுவார்.

என் அரசவால் ஈப்பிடிப்பான் படம் இன்னும் ஹாலில்தான் தொங்குகிறது. கழற்றிவிடலாம் என்று மனைவி சொன்னாள். நான்தான் வேண்டாம் என்றேன். நஷ்டக் கணக்கைக் கிழித்துப் போட்டால் நஷ்டம் இல்லையென்று ஆகிவிடுமா? வீட்டுக்கு வருகிறவர்கள் பார்த்துவிட்டு, "அடேயப்பா, என்ன அழகு!" என்கிறார்கள். உட்காரச் சொல்லி, காபி கொடுத்து, மறுநாள் காலை நான் பார்த்த காலிக் கூட்டைப் பற்றியும் சொல்கிறேன்.